அம்மாவின் அட்டிகையில் பற்பசை போடலாமா?

கோலாலம்பூரில் இருக்கும் ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். அம்மா தவறிய பிறகு நகைப்பெட்டி அவர் கைக்கு வந்திருக்கிறது. சிவப்புக்கல் அட்டிகை ஒன்று, ஏழுகல் வைரத் தோடு, நவரத்தின மோதிரம், இரட்டை வட முத்துமாலை, இரண்டு தங்கச் சங்கிலி, ஒரு ஜோடி வெள்ளிக் கொலுசு. அடுத்த மாதம் தம்பிக்குக் கல்யாணம். காணொளியில் ஒருவர் பற்பசை போடச் சொல்கிறார், ஒருவர் சமையல் சோடா என்கிறார், இன்னொருவர் எல்லாவற்றையும் கொதிநீரில் போடு என்கிறார், எதைக் கேட்பது என்பது கேள்வி. ஆனால் கடைசி வரியில் போகிற போக்கில் இன்னொன்றும் எழுதியிருக்கிறார்: "அம்மாவின் சங்கிலியைப் போட்டால் என் கழுத்து கறுத்துவிடுகிறது, மனசுக்கு என்னவோ போல் இருக்கிறது." எனக்கென்னவோ உண்மையான கேள்வி அதுதான் என்று தோன்றுகிறது. அம்மா அத்தனை வருஷம் சேர்த்து வைத்தது நல்ல தங்கமா, யாராவது ஏமாற்றிவிட்டார்களா என்பதுதான் உள்ளே குடைகிறது. அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்காரன். அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர், நான் பள்ளிக்கூடம் முடித்ததும் பட்டணத்தில் ஒரு பத்தரிடம் எடுபிடியாகச் சேர்ந்து, ஊதுகுழல் பிடித்து, கடைசியில் 34 வருஷம் நகை வேலையிலேயே போய்விட்டது. இப்போது கண் ஒத்துழைக்காததால் பட்டறையில் உட்காருவதில்லை. கல் ஆய்வுக்கூடத்தில் படித்துச் சான்றிதழ் வாங்கியவன் இல்லை, கைப்பழக்கம்தான். நகையை நேரில் பார்க்காமல் எழுதுகிறேன் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், சில இடங்களில் "கடைக்குக் கொண்டு போங்கள்" என்று சொல்வதற்கு அதுதான் காரணம்.

கழுத்து கறுப்பதற்கும் தங்கம் போலி என்பதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. சுத்தத் தங்கம் காற்றோடும் வியர்வையோடும் சேராது, கறுக்காது. ஆனால் நாம் போடுவது 916, அதாவது ஆயிரத்தில் 916 பங்கு தங்கம், மீதி 84 பங்கு பெரும்பாலும் செம்பும் வெள்ளியும். நம் ஊர் வெயிலில் வழிகிற வியர்வை உப்பு அந்தச் செம்பையும் வெள்ளியையும் கொஞ்சம் தொடும். அதைவிடப் பெரிய காரணம் பவுடர். முகத்துக்கும் கழுத்துக்கும் பூசுகிற பல பூச்சுகளில் துத்தநாக ஆக்சைடு, டைட்டானியம் ஆக்சைடு போன்ற துகள்கள் இருக்கும், அவை தங்கத்தைவிடக் கடினமானவை, சங்கிலி அசைய அசைய மிக மெல்லியதாகத் தங்கத்தைத் தேய்த்து எடுக்கும். அப்படித் தேய்ந்த தூள் மஞ்சளாகத் தெரியாது, கறுப்பாகத்தான் தெரியும். நாங்கள் அரம் போட்டுவிட்டுக் கை துடைத்தால் துணி கறுப்பாகத்தான் இருக்கும், அதில் தங்கத்தூள் இருப்பதால் அதையும் கழுவாமல் சேர்த்துத்தான் வைப்போம். ஒரு வாரம் பவுடர் போடாமல் சங்கிலியைக் கழுவிப் போட்டுப் பாருங்கள், பாதிக் கேள்வி தீர்ந்துவிடும். உடம்பில் பித்தம் ஏறினால் நகை கறுக்கும், கெட்ட நேரம் வந்தால் கறுக்கும் என்று சொல்வார்கள். ஒருவருக்கு வியர்ப்பது போல் இன்னொருவருக்கு வியர்க்காது, ஒரே சங்கிலி அக்கா கழுத்தில் பளபளக்கும் தங்கை கழுத்தில் மங்கும், அதுவரை நானே பார்த்தது. நேரம் காலம் பார்ப்பது என் வேலையில் வராது.

பழைய நகையில் இன்னொன்றும் உண்டு. கறுப்பு எங்கே படிகிறது என்று பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். வளையங்கள் சேரும் இடத்தில் மட்டும் கறுத்திருந்தால் அது பற்றவைத்த பொடி. நகையைவிடச் சீக்கிரம் உருக வேண்டும் என்பதால் பொடியில் தங்கம் குறைவாகவும் செம்பும் வெள்ளியும் கூடுதலாகவும் இருக்கும், அதனால் அந்த இடம் முதலில் மங்கும். (பொடி வைத்து ஊதுகிறான் என்று பேச்சில் சொல்கிறோமே, அது எங்கள் பட்டறையிலிருந்து போனதுதான்.) இதில் ஏமாற்று எதுவும் இல்லை, அந்தக் காலத்து வேலை அப்படி. அப்புறமும் மனம் ஆறவில்லை என்றால் சங்கிலியைக் கழுவித் துடைத்து எடுத்துக்கொண்டு ஊடுகதிர் இயந்திரம் வைத்திருக்கிற கடைக்குப் போங்கள், உரசாமல் கீறாமல் ஒரு நிமிஷத்தில் சதவீதம் காட்டும். ஆனால் அந்த இயந்திரம் பார்ப்பது மேல்தோலை மட்டும்தான். கனமாக முலாம் போட்ட பொருளை அது நல்ல தங்கம் என்றே சொல்லிவிடும். அதனால் இரண்டு மூன்று இடத்தில், குறிப்பாகத் தேய்ந்த இடத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், உரைகல் தெரிந்த பழைய ஆள் இருந்தால் அவரிடமும் காட்டுங்கள்.

சரி, கழுவுகிற விஷயம். இத்தனை வருஷத்தில் என் மேசைக்கு வந்த நகைகளில் அழுக்கால் கெட்டுப்போனவை ரொம்பக் குறைவு. கழுவிக் கெட்டவைதான் அதிகம். ஆசையாகத் தேய்த்துத் தேய்த்து, காணொளி பார்த்து எதையோ ஊற்றி, கடைசியில் கல் விழுந்து, முத்து வெளுத்து, மெருகு போய் வரும். தங்கத்துக்கு அழுக்கு உள்ளே போகாது, மேலே ஒட்டியிருப்பது சோப்பும் எண்ணெயும் பவுடரும் மஞ்சளும்தான். ஒட்டியதை ஊறவைத்து உதிர்க்க வேண்டும், சுரண்டக் கூடாது. அப்புறம் ஒரு நகையில் எது பலவீனமோ அதற்குத் தகுந்த மாதிரிதான் அந்த நகை முழுவதையும் நடத்த வேண்டும். அட்டிகையில் தங்கம் பலசாலி, கல்லுக்கு அடியில் வைத்த அரக்கு நோஞ்சான், அதனால் அட்டிகை முழுவதும் நோஞ்சான் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கல் இல்லாத சங்கிலி, வளையல் இவற்றை நீங்களே தாராளமாகச் செய்யலாம். குழாயடியில் வேண்டாம், ஒரு பிளாஸ்டிக் பாத்திரத்தின் அடியில் துணி விரித்து, விரல் விட்டால் சுடாத சூட்டில் தண்ணீர் ஊற்றி, பாத்திரம் கழுவும் திரவம் நாலு சொட்டு போட்டு, நகையைப் பத்துப் பதினைந்து நிமிஷம் ஊறப் போடுங்கள். அப்புறம் குழந்தைகளுக்கான மிருதுவான பல்துலக்கியால் தடவிக் கொடுங்கள், தேய்க்க வேண்டாம். வேறொரு பாத்திரத்தில் நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசி, பருத்தித் துணியில் ஒற்றி, காற்றாடிக்குக் கீழே அரை மணி நேரம் போட்டுவிடுங்கள். ஈரத்தோடு பெட்டியில் வைத்தால் வெல்வெட் துணி பூஞ்சை பிடிக்கும். எங்கள் பத்தர் திரவமெல்லாம் தொடமாட்டார், பூந்திக்கொட்டைதான். அஞ்சாறு கொட்டையை உடைத்து விதையை எடுத்துவிட்டு வெந்நீரில் ஊறவைத்துக் கசக்கினால் நுரை வரும், அந்த நீர் ஆறியதும் நகையைப் போட்டு எடுப்பார். இன்றைக்கும் நம் மளிகைக்கடைகளில் கிடைக்கிறது. இரண்டில் எது உசத்தி என்று சண்டை போடுவார்கள், கல் இல்லாத தங்கத்துக்கு இரண்டும் ஒன்றுதான், என் கை மட்டும் பழக்கத்தில் பூந்திக்கொட்டைக்குத்தான் போகும்.

பற்பசை வேண்டவே வேண்டாம். காரணம் சொல்கிறேன். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் பல்லின் எனாமல் 5, தங்கம் 2.5க்கும் 3க்கும் நடுவில். பற்பசையில் இருக்கிற தேய்ப்புத் தூள் எனாமலுக்கு ஏற்றதாகச் செய்தது. அந்த வலுவைத் தங்கம் தாங்காது. தேய்த்தவுடன் பளிச்சென்று தெரியும், அதில்தான் ஏமாறுகிறார்கள், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மயிர்க்கோடாகக் கீறல் விழுந்திருக்கும். அடுத்த அழுக்கு அந்தக் கீறலில்தான் போய் உட்காரும். சமையல் சோடா அவ்வளவு கொடுமை இல்லை, ஆனாலும் பொடியாகப் போட்டுத் தேய்த்தால் அதுவும் மெருகைக் குறைக்கும், வேலைப்பாட்டு இடுக்கில் வெள்ளையாக அடைத்துக்கொள்ளும். திருநீறு போட்டுத் தேய்க்கிற வழக்கமும் நம் வீடுகளில் உண்டு, அதை வெள்ளிக் குத்துவிளக்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இதைவிடக் கெட்டது வெளுப்பு மருந்து. குளோராக்ஸ் ஊற்றிக் குளியலறை கழுவும்போது வளையலும் மோதிரமும் கையிலேயே இருக்கும். அதில் உள்ள குளோரின் தங்கத்தோடு கலந்திருக்கும் மற்ற உலோகங்களைத் தின்னும், மாற்று குறைந்த தங்கத்திலும் வெள்ளைத் தங்கத்திலும் இது இன்னும் மோசம், கல்லைப் பிடித்திருக்கும் கம்பி கண்ணுக்குத் தெரியாமல் விரிசல் விட்டு ஒருநாள் பட்டென்று முறியும். நீச்சல் குளத்துத் தண்ணீரும் சின்ன அளவில் அதே வேலையைத்தான் செய்யும். பாதரசம் இன்னொரு எதிரி. உடைந்த வெப்பமானியிலிருந்து ஒரு சொட்டு பட்டால் போதும், தங்கம் அந்த இடத்தில் ஈயம் மாதிரி வெளுத்துவிடும். தோலை வெளுப்பாக்குகிற சில கிரீம்களில் பாதரசம் இருந்ததாக நம் சுகாதார அமைச்சு அவ்வப்போது பெயர் சொல்லித் தடை போடுகிறது, அந்த மாதிரி எதையாவது பூசிக்கொண்டு "மோதிரம் வெள்ளையாகிவிட்டது" என்று வந்தால் மோதிரத்தை அல்ல, முதலில் கிரீமைத் தூக்கிப்போடச் சொல்ல வேண்டும். அப்படி வெளுத்த நகையை நீங்களே அடுப்பில் காட்டிச் சரிசெய்யப் போகாதீர்கள், வருகிற ஆவி விஷம்.

ஒரு பழைய கதை சொல்கிறேன், இப்போதும் வேறு வேஷத்தில் நடக்கிறது. நான் சின்னப் பையனாக இருந்தபோது சம்பளம் போட்ட மறுநாள் லயத்துப் பக்கம், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள் பக்கம், ஒரு ஆள் சைக்கிளில் வருவான், நகைக்கு மெருகு போட்டுத் தருவதாகச் சொல்லி. கூலி ஒரு ரிங்கிட்டோ இரண்டு ரிங்கிட்டோதான். குவளையில் இருக்கிற தண்ணியில் சங்கிலியை முக்கி எடுப்பான், மஞ்சள் பொடி போட்டு அலசுவான், புது நகை மாதிரி ஜொலிக்கும். அந்தத் தண்ணிதான் ராஜ திராவகம், உப்பு அமிலமும் நைட்ரிக் அமிலமும் மூன்றுக்கு ஒன்று கலந்தது, தங்கத்தைக் கரைக்கிற தண்ணி. மேல்தோல் கரைந்து போனால் ஜொலிக்காமல் என்ன செய்யும்? கரைந்த தங்கம் அவன் குவளையோடு போய்விடும், வீட்டுக்குப் போய்ப் பிரித்து எடுத்துக்கொள்வான். எங்கள் பக்கத்து வீட்டு அத்தையின் மூன்று பவுன் சங்கிலி, அதாவது 24 கிராம், அடகுக்கடைத் தராசில் வைத்தபோதுதான் கால் பவுன் காணாமல் போனது தெரிந்தது. அவர் அழுதது இன்னும் காதில் இருக்கிறது. கடையில் இயந்திரத்தில் மெருகு போடும்போதும் கொஞ்சம் தேயத்தான் செய்யும், அது தவிர்க்க முடியாதது, அதனால்தான் வருஷா வருஷம் மெருகு போடாதீர்கள் என்கிறேன். தாய்ப் பொன்னிலும் மாப்பொன் எடுப்பான் என்று எங்களைப் பற்றிப் பழமொழியே இருக்கிறது, அதற்காக நான் கோபித்துக்கொள்வதில்லை. கொடுக்கும்போது உங்கள் கண்முன் எடை போட்டு, கல்லை எண்ணி, கைபேசியில் இரண்டு பக்கமும் படம் எடுத்து, சீட்டில் எழுதி வாங்குங்கள். நேர்மையான பத்தர் அதற்கு முகம் சுளிக்கமாட்டார், சுளித்தால் நகையை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

இப்போது அட்டிகை. அதைத்தான் நீங்கள் தொடாமல் இருக்க வேண்டும். அந்தக் காலத்து அட்டிகைகளில் பெரும்பாலும் கல்லுக்குப் பின்பக்கம் மூடியிருக்கும், உள்ளே அரக்கு வைத்து, அதன்மேல் கல்லுக்கு ஒளி கொடுக்க மெல்லிய தகடு வைத்து, அப்புறம்தான் கல்லைப் பதித்திருப்பார்கள். கொதிநீரில் போட்டால் அரக்கு இளகிவிடும், கல் ஆடும், சில நேரம் கழன்றே விழும். கொதிநீர் வேண்டாம், பச்சைத் தண்ணீரில் ஊறவைக்கிறேன் என்றாலும் தப்பு. நீர் இடுக்கில் இறங்கி உள்ளே இருக்கிற தகடு கறுத்தால், மேலே இருக்கிற சிவப்புக் கல் செத்த கண் மாதிரி ஆகிவிடும், அப்புறம் ஒவ்வொரு கல்லாகக் கழற்றித்தான் மாற்ற வேண்டும், அந்த வேலை தெரிந்தவர்கள் இங்கே விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருக்கிறார்கள். துணியை நனைத்து நன்றாகப் பிழிந்துவிட்டு, மேல்பக்கத்தை மட்டும் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றுங்கள். இடுக்கில் இருப்பதை உலர்ந்த மிருதுவான தூரிகையால் தட்டிவிடுங்கள். அதற்கு மேல் போகாவிட்டால் அப்படியே போட்டுக்கொள்ளுங்கள், கொஞ்சம் மங்கல் பழைய அட்டிகைக்கு அழகுதான், என்னைக் கேட்டால். அந்தச் சிவப்புக் கல் பர்மா மாணிக்கமா செயற்கைக் கல்லா என்றும் கேட்பீர்கள். பிரான்சில் வெர்னே என்பவர் 1902இல் செயற்கை மாணிக்கம் செய்யும் முறையை அறிவித்த பிறகு அந்தக் கல் உலகம் முழுவதும் பரவியது, திருச்சிப் பக்கம் செயற்கைக் கல் பட்டை தீட்டுவதே பெரிய தொழிலாக இருந்தது. அதனால் அம்மாவின் அட்டிகையில் செயற்கைக் கல் இருந்தால் அது மோசடி என்று அவசரப்பட வேண்டாம், பலர் தெரிந்தேதான் வாங்கினார்கள். கழுவுகிற விஷயத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. கண்ணாடி நிரப்பிய மாணிக்கம்தான் ஆபத்து, அது பிற்காலத்தில் வந்தது, எலுமிச்சைச் சாறு பட்டால்கூட உள்ளே நிரப்பிய கண்ணாடி அரித்துப்போகும்.

ஏழுகல் தோட்டில் வைரம் மங்கித் தெரிவதாக எழுதியிருக்கிறீர்கள். வைரத்தின் குணமே அது. தண்ணீர் ஒட்டாது, எண்ணெய் ஒட்டிக்கொள்ளும். தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களில் அந்தக் காலத்தில் உடைத்த கல்லைத் தண்ணீரோடு கிரீஸ் பூசிய பலகைமேல் ஓடவிடுவார்கள், மற்றதெல்லாம் வழிந்து போகும், வைரம் மட்டும் கிரீஸில் ஒட்டிக்கொண்டு நிற்கும். அங்கே ஜாகர்ஸ்ஃபோன்டைன் சுரங்கத்தின் பெயரை வைத்துத்தான் நம் பாட்டிமார் உசத்தி வைரத்தைப் "புளூ ஜாகர்" என்று பெருமையாகச் சொன்னார்கள். நம் தலையெண்ணெயும் முகப்பூச்சும் அதே மாதிரித்தான் தோட்டில் ஒட்டுகிறது. முன்பக்கம் எத்தனை துடைத்தாலும் பிரயோஜனமில்லை, ஒளி திரும்பி வருவது பின்பக்கத்துப் பட்டைகளிலிருந்து. தோட்டைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் திறந்திருந்து கல்லின் கூர் தெரிந்தால், மேலே சொன்ன வெதுவெதுப்பான சோப்பு நீரில் அரை மணி நேரம் ஊறவைத்துப் பின்பக்கமாகத் தூரிகை விடுங்கள், மரப் பல்குத்தியின் நுனியால் இடுக்கை நெகிழ்த்துங்கள், ஊசி வேண்டாம். பின்பக்கம் மூடியிருந்தால் அட்டிகைக்குச் சொன்னதே இதற்கும். இரண்டிலும் தொடங்குவதற்கு முன் காதருகே வைத்து மெதுவாகத் தட்டிப் பாருங்கள். "கிலுக்" என்று மெல்லிய சத்தம் வந்தால் ஏதோ ஒரு கல் ஆடுகிறது, கழுவாமல் கடைக்குக் கொண்டுபோங்கள். திருகாணியின் மரை தேய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள், கல்யாண வீட்டுக் கூட்டத்தில் தோடு தொலைவது பெரும்பாலும் அதனால்தான்.

நவரத்தின மோதிரத்தைத்தான் நான் பாடம் நடத்த எடுத்துக்கொள்வேன். ஒன்பது கல், ஒன்பது குணம். வைரம் 10, மாணிக்கமும் நீலமும் 9, இவை எதற்கும் அசையாது. மரகதம் கடினம்தான், ஆனால் அதில் இயற்கையாகவே விரிசல் இருக்கும், அதை மறைக்க எண்ணெய் ஏற்றியிருப்பார்கள், சூட்டிலும் சோப்பிலும் ஊறினால் எண்ணெய் வெளியேறி வெள்ளைக் கோடுகள் தெரியும். முத்தும் பவளமும் சுண்ணாம்புச் சத்து, கடினம் சுமார் 3 அல்லது 4, புளி, வினிகர், எலுமிச்சை எதுவும் படக்கூடாது, பட்டால் மேல்பக்கம் கரையும். வைரத்துக்கு நல்லதென்று நீங்கள் செய்வது பக்கத்திலேயே இருக்கிற முத்தைக் கொல்லும். அதனால் இந்த மோதிரத்துக்கு ஈரத்துணி மட்டும்தான். இணையத்தில் சின்னதாக அதிர்வு இயந்திரம் விற்கிறார்கள், தண்ணீரில் போட்டுப் பொத்தானை அழுத்தினால் அழுக்கு புகை மாதிரி வெளியேறும், பார்க்க நன்றாகத்தான் இருக்கும். கல் இல்லாத தங்கத்துக்குச் சரி, உறுதியாகக் கட்டிய திறந்த கட்டு வைரத்துக்கும் பரவாயில்லை. மரகதம், முத்து, பவளம், அரக்கு வைத்தது, கண்ணாடி நிரப்பியது எதையும் அதில் போடாதீர்கள்.

முத்துமாலைக்குச் சுருக்கமாக: நனைக்காதீர்கள், நூல் நீண்டு அழுகும். அலங்காரமெல்லாம் முடிந்து, வாசனைத் தெளிப்பும் பவுடரும் அடங்கிய பிறகு கடைசியாகப் போடுங்கள், வீட்டுக்கு வந்ததும் முதலில் கழற்றுங்கள், மெல்லிய ஈரத்துணியால் துடைத்துத் தட்டையாக வைத்து உலரவிடுங்கள். தொங்கவிட்டால் நூல் இழுபடும். அம்மா போனதிலிருந்து பெட்டியிலேயே இருக்கிறது என்கிறீர்கள், கல்யாணத்துக்கு முன் புதுப் பட்டு நூலில், முத்துக்கு முத்து முடிச்சுப் போட்டுக் கோத்து வாங்கிக்கொள்ளுங்கள். முடிச்சு இருந்தால் அறுந்தாலும் ஒரு முத்துதான் உருளும்.

கொலுசு மைபோலக் கறுத்துவிட்டது, வெள்ளி மட்டமோ என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் அனுப்பிய படத்தில் கொலுசைச் சுற்றி ரப்பர் வளையம் போட்டிருப்பது தெரிகிறது. அதுதான் காரணம் என்று படத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். வெள்ளியைக் கறுக்க வைப்பது கந்தகம். மரத்திலிருந்து வடிகிற பாலில் பிரச்சினை இல்லை, ஆனால் 1839இல் சார்லஸ் குட்இயர் ரப்பரையும் கந்தகத்தையும் சேர்த்துச் சூடாக்கினால் ரப்பர் உறுதியாகும் என்று கண்டுபிடித்ததிலிருந்து நாம் கையில் பிடிக்கிற ரப்பர் பொருள் பெரும்பாலானவற்றில் கந்தகம் உண்டு. ரப்பரைச் சாப்பிட்டு வளர்ந்த ஊர்க்காரன் நான், இதை எத்தனை பேருக்குச் சொன்னேனோ கணக்கே இல்லை, இன்றைக்கும் கொலுசை ரப்பர் வளையம் போட்டுத்தான் கொண்டுவருவார்கள். பழைய செய்தித்தாளில் சுற்றுவதும் வேண்டாம். வெந்நீர் ஊற்றுக்குப் போகும்போது வெள்ளியைக் கழற்றி வையுங்கள், கந்தக நெடி அடிக்கிற ஊற்றில் அரை மணி நேரத்தில் கறுத்துவிடும். கறுப்பை எடுக்க இந்த ஓரிடத்தில் மட்டும் காணொளிக்காரர் சொன்ன சமையல் சோடா சரி. பாத்திரத்தின் அடியில் அலுமினியத் தாளை விரித்து, கொலுசு தாளைத் தொடும்படி வைத்து, சூடான நீர் ஊற்றி, லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி சோடாவும் கொஞ்சம் உப்பும் போட்டால் அழுகிய முட்டை வாடை வரும், பயப்பட வேண்டாம், வெள்ளியைப் பிடித்திருந்த கந்தகம் அலுமினியத்துக்கு மாறுகிறது என்று அர்த்தம். தேய்த்து எடுத்தால் கறுப்போடு வெள்ளியும் போகும், இதில் வெள்ளி திரும்ப வெள்ளியாகிறது. ஆனால் கொலுசில் வண்ண எனாமலோ கல்லோ இருந்தால் இது கூடாது, அழகுக்காக வேண்டுமென்றே கறுப்பு ஏற்றிய வேலைப்பாடு இருந்தாலும் கூடாது, அதுவும் சேர்ந்து போய்விடும். சலங்கைக்குள் நீர் நிற்கும், நன்றாக உதறி ஒருநாள் காயவிடுங்கள்.

வைக்கிற விதத்தில் ஒன்றிரண்டு. ஒவ்வொன்றையும் தனித்தனி மெல்லிய துணிப்பையில் வையுங்கள், வைரம் பக்கத்திலிருக்கும் எதையும் கீறும், தங்கத்தையும் முத்தையும் சேர்த்து. நம் ஊரில் காற்றில் ஈரம் சராசரியாக 80 சதவீதத்துக்கு மேல், அதனால் வெள்ளியோடு ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ஒன்றைப் போடலாம். முத்தோடு போடாதீர்கள், முத்துக்குக் கொஞ்சம் ஈரம் வேண்டும், வருஷக்கணக்காக வங்கிப் பெட்டகத்திலேயே கிடந்தால் வறண்டு வெடிக்கும்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் பெண்கள் பலர் படிப்பார்கள் என்பதால் சொல்கிறேன், தாலிக்கொடி. கழற்ற மனம் வராது, கழற்றவும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை தலைமுழுகும்போது கழுத்திலேயே வைத்துச் சின்னக் கிண்ணத்தில் சோப்பு நீர் பிடித்து மிருதுவான தூரிகையால் தடவி அலசிவிடலாம், மஞ்சளும் சோப்பும் சேர்ந்து பிடிக்கிற பழுப்பு அதிலேயே போய்விடும். முக்கியமாகப் பார்க்க வேண்டியது தாலி தொங்குகிற இடத்து வளையம். பல வருஷம் உரசி உரசி வட்டமாக இருந்த ஓட்டை முட்டை வடிவமாக நீண்டிருந்தால், கம்பி பாதிக் கனத்துக்கு இளைத்திருந்தால், அறுவதற்கு முன் பத்தரிடம் காட்டிவிடுங்கள். சின்ன வேலை, உட்கார்ந்த இடத்திலேயே செய்து வாங்கிவிடலாம்.

கல்யாணம் அடுத்த மாதம் என்பதால் முத்துமாலையையும், சத்தம் கேட்டால் தோட்டையும் இந்த வாரமே கடைக்குக் கொடுத்துவிடுங்கள், முகூர்த்த மாதத்தில் பத்தர் கையில் வேலை தேங்கும், கடைசி வாரத்தில் போனால் அவசரத்தில் செய்து தருவார்கள். சங்கிலியும் கொலுசும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நீங்களே முடித்துவிடலாம். முடித்ததும் அந்தத் தண்ணீரை உடனே கொட்டிவிடாதீர்கள். முதலில் நகையில் கல், திருகாணி, கொக்கி எல்லாம் இருக்கிறதா என்று எண்ணுங்கள், அப்புறம் தேநீர் வடிகட்டியில் வெள்ளைத் துணி போட்டு வடித்துப் பாருங்கள். என் வீட்டிலேயே ஒருமுறை எண்ணாமல் கொட்டிவிட்டு, மூக்குத்திக் கல் ஒன்றுக்காகக் கழுவுதொட்டிக் குழாயைக் கழற்றினோம், 34 வருஷ அனுபவம் எல்லாம் இருந்தும். கல் கிடைத்தது, மனைவி ஒரு வாரம் பேசவில்லை.